நாற்பதாயிரம் ரூபாய் வைனின் கொந்தோ

விலை உயர்ந்த வைனைக் குறை சொல்ல மூக்குத் தேவையில்லை, சார். தைரியம் இருந்தால் போதும். நாற்பதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கியவனுக்கே உள்ளூர ஒரு சந்தேகம் இருக்கும். பேர்தான் பெரிசு, சரக்கு இல்லை என்று யாராவது சொல்லிவிட்டால் நிம்மதியாகத் தலையாட்டிவிடுவான்.

முப்பது வருஷம் இந்தக் கல்கத்தாவில் தேயிலை ருசி பார்த்தேன். ஓய்வுக்குப் பிறகு வைன். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் மாதம் ஒரு பிரபல வைனைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன். வெங்கடநாராயணன் மூக்கு என்றால் கிளப்புகளில் மறுபேச்சு கிடையாது.

கோவிட் இரண்டாவது அலையில் அந்த மூக்கு போயிற்று. மற்றவர்களுக்குத் திரும்பி வந்தது, எனக்கு வரவில்லை. என் மனைவி நாகலக்ஷ்மியிடம்கூடச் சொல்லவில்லை. அங்கே இங்கே படித்து எழுதினேன். பேர் குறையவில்லை, கூடியது. கூடக்கூட வாயைத் திறக்க வழியில்லாமல் போயிற்று. பால் கெட்டுவிட்டதா என்று அவள் கேட்டால் முகர்வதுபோல் குனிந்து, கண்ணால் பார்த்துச் சொல்வேன். நாலு வருஷம் சொந்த வீட்டில் திருடனைப்போல நடமாடினேன்.

அன்று டிசம்பர் சாயங்காலம் எங்கள் டாலிகஞ்ச் வீட்டுக்கு அனந்த் வந்திருந்தான். என் கட்டுரைகளை வெளியிடும் உதவி ஆசிரியர். இங்கேயே பிறந்து வளர்ந்தவன், வங்காளம் கலக்காமல் தமிழ் பேச வராது. பாட்டிலைத் திறந்து கோப்பையில் ஊற்றியதும் நிமிர்ந்தான்.

"அங்கிள், ஏதோ கொந்தோ வருது. கேஸ் மாதிரி."

வங்காளத்தில் வாசனையும் கொந்தோதான், நாற்றமும் கொந்தோதான். வைனை முகரும்போதெல்லாம் அவன் சொல்கிற வார்த்தை அது. கோப்பையைச் சொல்கிறான் என்றே எடுத்துக்கொண்டேன்.

"வரும். கந்தக நெடி. சில வைன்லே திறந்த உடனே அடிக்கும். இதுக்குப் போய் நாற்பதாயிரம்" என்றேன். சந்தோஷமாகக் குறித்துக்கொண்டான்.

அப்போதுதான் நாகலக்ஷ்மி சமையலறையிலிருந்து கூப்பிட்டாள்.

"ஏன்னா, செத்த வந்து பாருங்கோளேன். கேஸ் வாசனை வரதா? எனக்கு நாலு நாளா ஜலதோஷம், ஒண்ணும் தெரியலை."

எங்கள் வீட்டில் சுவாமி அலமாரி சமையலறையில்தான். அவள் குத்துவிளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தாள். குளிருக்காக ஜன்னலைச் சாத்தியிருந்தாள். அனந்தும் கோப்பையை முகர்ந்தபடியே என் பின்னால் வந்து நிலைப்படியில் நின்றான். அடுப்பில் ஒரு குமிழ் திரும்பியிருந்தது. தீ இல்லை.

கையை நீட்டி மூடியிருக்கலாம். மூடினால், சற்று முன் வந்தது வைனின் கொந்தோ இல்லை என்று அனந்துக்குத் தெரிந்துவிடும். அப்புறம் ஒவ்வொரு கட்டுரையாக எடுத்துப் பார்ப்பார்கள். நான் பதறவில்லை. இரண்டு முறை நிதானமாக மூச்சை இழுத்தேன்.

"ஒண்ணுமில்லே."

"நீங்க சொன்னா சரி. விளக்கேத்திடறேன்."

அனந்தைக் கூடத்துக்கு அழைத்து வந்து கதவைச் சாத்தினேன். வைன் பார்க்கிற இடத்துக்குச் சமையல் வாசனை வரக் கூடாது என்பது எங்கள் தொழில் வழக்கம், அவனும் தப்பாக நினைக்கவில்லை. பத்து நிமிஷத்தில் அவனை அனுப்பிவிட்டு வந்து மூடிவிடலாம் என்றுதான் இருந்தேன். இதையும் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

தீக்குச்சி உரசுவது கேட்டது. முதல் குச்சி நமுத்திருந்தது போலிருக்கிறது, பற்றவில்லை. பெட்டியில் அவள் வேறு குச்சி தேடும் சத்தமும் கேட்டது. "நாகு, வேண்டாம்" என்று சொல்ல நேரம் இருந்தது.

"அப்புறம், அங்கிள்?" என்றான் அனந்த்.

கட்டுரையின் கடைசி வரியைச் சொல்ல ஆரம்பித்தேன்.

தீக்காயத்தோடு அவள் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உயிரோடு இருந்தாள். "கேஸ் இல்லேன்னு அவர் மோந்து பார்த்துத்தான் சொன்னார், என் ஜலதோஷ மூக்கை யார் நம்புவா" என்று நர்ஸிடம் சொன்னாளாம்.

தெரிந்தே கொன்றேன் என்று எழுதுங்கள், சார், கையெழுத்துப் போடுகிறேன். காரணம் கேட்டால் குடும்பச் சண்டை என்று போட்டுக்கொள்ளுங்கள். மூக்கு விஷயம் மட்டும் பத்திரிகைக்காரர்கள் காதுக்குப் போக வேண்டாம்.