பீப்பாய் விளக்கு வேண்டாம்

இல்ல கண்ணு, என் வீட்ட மாத்தி அமைக்க நீ வரைஞ்ச மூணு படமும் அழகாத்தான் இருக்கு. உன் வேலைல நான் குத்தமே சொல்லல. முடிவெடுக்க முடியாம தவிக்கிறேன், அவ்வளவுதான். அறுபத்தேழு வயசுல கல்யாணம் பண்ணிக்கப் போறவ வேற எப்படி இருப்பா? காலைல ரெண்டு கால்லயும் வேற வேற செருப்பப் போட்டுக்கிட்டு கடைக்குப் போய்ட்டேன். சிரி, சிரி. கடைக்காரனும் சிரிச்சான்.

இந்த டஸ்கனி, அதான் இத்தாலிப் பாணி, மொதல்ல வேண்டாம். களிமண் ஓடு, இரும்பு விளக்கு, சுவத்துல வேணும்னே போட்ட வெடிப்பு. நான் இந்தத் திராட்சத் தோட்ட ஊரு ஹீல்ட்ஸ்பர்க்ல வீட்டக் கட்டுன காலத்துல மலை முழுக்க இதே கூத்துதான். இத்தாலியக் கண்ணால பாக்காதவன் வீட்டுலயும் இத்தாலி. அப்புறம் எல்லாரும் வெள்ளையடிச்சுப் பண்ணை வீடாக்கிட்டாங்க. எதிர்மேட்டு மாவிஸ் குளியலறைக்குப் பக்கவாட்டுல நகர்ற களஞ்சியக் கதவ மாட்டியிருக்கா. எவ்வளவு இழுத்துச் சாத்தினாலும் ஓரத்துல சந்து. உள்ள போனவரு என்ன பண்றாருன்னு சாப்பாட்டு மேசை வரைக்கும் கேக்கும். யாராவது எழுந்து போனா நாங்க எல்லாம் சத்தமா மழையப் பத்திப் பேச ஆரம்பிச்சிடுவோம்.

கண்ணாடி வீடா? நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் ராத்திரி உடுப்போட காபி போடறத கீழ திராட்ச பறிக்கிறவங்க எல்லாம் பாப்பாங்களே!

மிச்சம் பண்ணை வீடு. அதுல இந்த விளக்கு மட்டும்... பழைய ஒயின் பீப்பாய்ப் பலகைய வளைச்சுத் தொங்கவிட்டிருக்கியே, அது வேண்டாம்மா. வர்றவங்க எல்லாம் கேக்கறாங்கன்னு போட்டிருப்ப, தெரியும். ஆனா நான் கட்டிக்கப் போறவரு ஒயின் பண்றவரு. நாள் முழுக்க பீப்பாயோட மல்லுக்கட்டிட்டு வந்து சாப்பிட உக்காந்தா, தலைக்கு மேலயும் பீப்பாயா? என்ன, உங்க வீட்டுலயும் இதே பேச்சுதானா? இருக்கும், இருக்கும்.

வெள்ள சோபாவும் வேண்டாம். செப்டம்பர்ல, திராட்ச அறுவடையப்ப, அவர் கையப் பாக்கணும் நீ, சாறு ஊறி நகமெல்லாம் கறுப்பு. எத்தன தேச்சாலும் போகாது.

ஒண்ணு சொல்றேன் கேளு. அவர் மொத மொத சாப்பிட வந்தப்ப, வீடு முழுக்க லில்லிப் பூ வச்சேன். லாவெண்டர் மெழுகுவத்தி வேற. மனுஷன் வாசப்படில நின்னாரு, மூக்கச் சுளிச்சாரு, தட்ட எடுத்துக்கிட்டு வெளிய போய் உக்காந்துட்டாரு. நானும் கோவமா உள்ளயே தனியா சாப்பிட்டேன். என் வீடே பிடிக்கல போலன்னு அழுகையா வந்துச்சு. அப்புறம் ஜன்னல் வழியா வந்து சொல்றாரு, நோரீன், நாளைக்கு மோந்து பாத்து ஒயின் கலக்கணும், இப்ப எனக்கு மூக்குதான் சோறு போடுது, கோச்சுக்காதன்னு. அடுத்த நாளே வாசன சோப்பு, சென்ட்டு, ஷாம்பு எல்லாத்தையும் மாவிஸ் தலைல கட்டிட்டேன். இப்ப என்ன மோந்து பாரு, பச்சத் தண்ணி மாதிரி இருப்பேன்.

நீ இந்தப் படத்துல எங்கயுமே வாசனப் பொருள் வைக்கல பாத்தியா? பின்வாசல்ல பூட்ஸ் கழட்ட ஒரு பெஞ்சு, பக்கத்துலயே கை கழுவத் தொட்டி. நான் கேக்கவே இல்லயே. அப்படி ஒரு வீட்டுல வளந்தவளுக்குத்தான் அது தானா வரும்.

என்னம்மா, பென்சிலக் கீழ வச்சிட்ட?

ஆமா. நீ நெனைக்கிறதுதான். ஹீல்ட்ஸ்பர்க்ல தடுக்கி விழுந்தா ஒரு டிசைனர் மேலதான் விழணும். அவங்கள எல்லாம் விட்டுட்டு சான் ஃபிரான்சிஸ்கோல இருக்கற உன்ன எதுக்குக் கூப்பிட்டேன்னு நெனச்ச? என்னக் கட்டிக்கப் போறத உங்கிட்ட சொல்ல உங்கப்பாவுக்கு வாய் வரல, கிளாடியா. மூணு தடவ உனக்குப் போன் பண்ணி, மூணு தடவையும் வெயிலப் பத்தி மட்டும் பேசிட்டு வச்சிருக்காரு. நீயே சொல்லிடு நோரீன், அவ வேண்டாம்னா கல்யாணம் வேண்டாம்னுட்டாரு. எனக்கும் நேராச் சொல்லத் தைரியமில்ல. அதான் சோபா, ஓடுன்னு சுத்தி வளச்சேன்.

இரு, இரு, பையத் தூக்காத. இன்னொண்ணு கேக்கணும். உங்கம்மா உசுரோட இருந்தப்ப உக்காந்து படிச்ச நீல நாற்காலி, உங்கப்பா ஆல்டோ அதுல யாரையும் உக்கார விடமாட்டாரு. அது இங்க வரணும்னு நான்தான் சொன்னேன். அது நல்லாத் தெரியற மாதிரி எந்தப் பாணி வேணும்னாலும் போடு. டஸ்கனின்னாலும் சரின்னுவேன், அந்த வெடிப்போட சேத்து.

அழுகைன்னா அழுதுக்கோ. கோவம்னா திட்டு, தப்பில்ல. ஆனா எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம். அவர் கீழ ரோட்டோரம் வண்டிய நிறுத்திட்டு உக்காந்திருக்காரு, நீ ஒரு வார்த்த சொன்னாத்தான் மேல ஏறி வருவாராம். இந்த வெயில்ல. அந்தப் பழைய டிரக்ல ஏசி வேல செய்யாதுன்னு உனக்குத் தெரியாதா?