இலை மட்டும் போதாது

இந்த நாற்காலி ஒரு பக்கம் ஆடுகிறது. பரவாயில்லை, நான் நெடுநேரம் உட்காரும் ஆள் இல்லை. வாக்குமூலத்தை நடந்துகொண்டே சொன்னால் உங்களுக்கு எழுதச் சிரமமா? ஜன்னல் வரை போய்த் திரும்புவேன், அவ்வளவுதான். என் காலில் சக்கரம் கட்டியிருக்கிறது என்று அம்மா சின்ன வயதிலிருந்தே சலித்துக்கொள்வாள்.

என் வேலை செடிகளுக்குப் பெயர் சொல்வது. தாவரத் தோட்டத்து அலுவலகத்தின் மாடியில், உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி அடுக்கிவைத்திருக்கும் அறையில், இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். யாராவது தெரியாத பழத்தைத் தின்றுவிட்டால் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குத்தான் போன் வரும். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, தண்ணீர் குடித்துவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள் என்பேன்.

நீங்கள் கேட்கும் கொடியின் நீளமான பெயர் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. வெப்ப நாட்டுக் காட்டிலிருந்து வந்தது, இப்போது வீட்டுக்கு வீடு தொங்கு தொட்டியில் தொங்குகிறது. தடித்த சின்ன இலை, குழல் மாதிரி வெள்ளைப் பூ, பட்டாணி அளவு சிவப்புப் பழம். இதே ஜாடையில் இன்னொரு கொடி உண்டு. அக்கா தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அக்கா பரம சாது. தங்கையின் பழம் இதயத்தில் கை வைக்கும். தங்கையின் பூவுக்குத் தொண்டையில் மஞ்சள் கோடு இருக்கும், பழத்தைக் கீறினால் விதை கறுப்பாக இருக்கும். இலையில் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். காம்பு சேருமிடத்தில் கடுகில் பாதி அளவுக்கு இரண்டு புடைப்புகள். என் கண்ணுக்கு அது தப்பாது.

ஒரே ஒரு தடவை தப்பியது, மறைக்கவில்லை. போன வருடம் ஒரு முதியவர். கலங்கலான இலைப் படத்தைப் பார்த்துத் தங்கை என்றேன், அக்காவாகப் போயிற்று. தேவையில்லாமல் ஏற்றிய மாற்று மருந்தால் மூன்று நாள் மூக்கில் குழாயோடு கிடந்துவிட்டு நன்றாகத்தான் வீட்டுக்குப் போனார். ஆனால் விஷப் பிரிவு டாக்டர் விடவில்லை. எங்கள் அலுவலகமும் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், "நம்ம மேடம் இலையப் பாத்தே ஜாதகம் சொல்லிடுவாங்க" என்றார். எங்கள் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார். அதன் பிறகு நான் இலை ஜோசியக்காரி. டைப்பிஸ்ட் பெண் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கொத்தமல்லித் தழையை எடுத்து, எனக்குக் கல்யாணம் எப்போ மேடம் என்று கேட்பாள். என் சொந்தத் தம்பி இதைக் கேட்டு, வாயில் இருந்த காப்பியைச் சட்டையில் கொட்டிக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு சிரிப்புக்காக ஒரு வருடம் தூக்கம் போகுமா என்றால், போகும்.

அந்தத் தப்புக்குப் பிறகு வந்த விதியை எழுதியவரும் அந்த டாக்டர்தான். இலை, பூ, பழம், மூன்றையும் பார்க்காமல் பெயர் சொல்லக் கூடாது. கீழே அவர் கையெழுத்து, அதற்குக் கீழே என் கையெழுத்து.

நீங்கள் விசாரிக்கும் அன்று மதியம் இரண்டு நாற்பதுக்குப் போன் வந்தது. அவரேதான். குரலை வைத்து அடையாளம் தெரியவில்லை, அவ்வளவு இறங்கியிருந்தது. அவருடைய ஐந்து வயது மகள் பால்கனித் தொட்டியிலிருந்து பழம் பறித்துத் தின்றுவிட்டாளாம். நெட்டில் தேடினால் இரண்டு பெயரும் வருகிறதாம். தங்கை என்றால் மாற்று மருந்து கையிலேயே இருக்கிறது, அக்காவாக இருந்து அதைப் போட்டுவிட்டால் மருந்தே குழந்தையை முடித்துவிடும் என்றார். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்குக் கிள்ளிக்கொண்டு வந்திருந்த இலையின் படம் வந்தது. நல்ல தெளிவான படம்.

"பூ வேணும் டாக்டர்" என்றேன்.

டிரைவரை வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னார். அந்த ஐம்பது நிமிடமும் நான் உட்காரவில்லை. மேஜையைத் துடைத்தேன். டம்ளரைக் கழுவினேன், மறுபடி கழுவினேன். அலமாரியைத் திறந்து மூடினேன். எனக்கும் மனசு இருக்கிறது, குழந்தைகளை எனக்குப் பிடிக்கும்.

பூவின் படம் வந்தது. மஞ்சள் கோடு மையில் போட்ட மாதிரி இருந்தது. பழத்தைக் கீறிப் படம் அனுப்புங்கள் என்றேன்.

"பழமே இல்ல மேடம். எல்லாத்தையும் பாப்பா சாப்ட்டுட்டா."

அப்படியானால் சொல்வதற்கில்லை, நீங்கள் எழுதிய விதிதானே என்றேன். குரலை உயர்த்தவில்லை. அவர் அழுதார். ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது நான் கேட்டதில்லை.

"அன்னிக்கி சொன்னது தப்புதான் மேடம். மன்னிச்சிடுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன், பேர மட்டும் சொல்லுங்க."

நான் ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னேன். வராந்தாவுக்குப் போய் டைப்பிஸ்டைக் கூப்பிட்டேன், குமாஸ்தாக்களைக் கூப்பிட்டேன். இயக்குநர் கீழே இருந்தார், அவர் படியேறி வரும்வரை காத்திருந்தோம். பிறகு போனை ஸ்பீக்கரில் போட்டு, இப்போ சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்கள் டாக்டர் என்றேன். சொன்னார், ஒரு வார்த்தை விடாமல். யாரும் சிரிக்கவில்லை.

உடனே பெயரைச் சொல்லிவிட்டேன். அப்போது மணி நான்கு பத்து. மருந்து ஏற்றினார்களாம். மூன்று மணிக்குள் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாள் என்று பிறகு நர்ஸ் சொன்னதாகக் கேள்வி. ஐந்தரைக்குக் குழந்தை போய்விட்டது.

இலையிலேயே தெரிந்துவிட்டதா என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். தெரிந்தது. படம் திறந்த அந்த நொடியே தெரிந்தது, இரண்டு புடைப்பும் பளிச்சென்று இருந்தன. அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், எங்கள் அலுவலகத்திலும் படிக்கட்டும். என்மேல் தப்பு இருக்கிறது, இல்லை என்று நான் சொல்லவே இல்லை. பழத்தைப் பார்க்காமல் பெயர் சொன்னது விதிமீறல்தான். அந்த அப்பாவின் அழுகையைக் கேட்டு இரக்கப்பட்டுவிட்டேன். அதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.