நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

சல்தேஞா சாப்பிடும்போது ஒரு சொட்டுச் சாறுகூடச் சிந்தாதவர்களை நம்பலாம் என்பது என் அனுபவம். அதை நிமிர்த்திப் பிடித்து, மேல் முனையை மட்டும் கடித்து, உள்ளே இருக்கிற சூடான குழம்பை முதலில் உறிஞ்சிவிட வேண்டும். மாவும் கறியும் அப்புறந்தான். உங்கள் சட்டையில் இருக்கிற கறையைப் பார்த்தால், செயலர் ஐயா, பதினொரு மணிக்கு அவசரமாகச் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். பரவாயில்லை. நெய்ஸா கோல்கே ஒரு சொட்டுகூடச் சிந்தமாட்டாள். நான் இந்த ஒழுங்கு விசாரணை ஆணையத்துக்கு வந்தது அவளைப் பற்றிச் சொல்லத்தான். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் வந்தேன். அதையும் தட்டச்சு செய்துகொள்ளுங்கள்.

என் பெயர் எல்ஃபிரீதா சமோரானோ. வெள்ளை நகரப் பட்டதாரிப் பெண்கள் வட்டத்துக்கு இருபத்தாறு வருஷமாகச் செயலாளர். வெள்ளை நகரம் என்று பேர் வாங்கிய இந்தச் சுக்ரேயில் எங்களைத் தெரியாதவர்கள் இருக்கமாட்டார்கள். அப்படி யாராவது இருந்துவிடக்கூடாதே என்றுதான் ஊர் முழுக்கப் பித்தளைப் பலகை பதித்து வைத்திருக்கிறோம். வருஷா வருஷம் 'செயல்பாடுகளும் சாதனைகளும்' என்று ஓர் அறிக்கை தேசியத் தலைமையகத்துக்கும், அங்கிருந்து உலகத்துக்கும் போகும். எழுதுவது நான்.

எனக்குப் பொய் எழுதப் பிடிக்காது. 'பெண்ணும் நாளையும்' கருத்தரங்குக்கு வந்தவர்கள் பதினான்கு பேர். வட்டத்தில் நாங்கள் மொத்தமே பதினான்கு பேர். பதினான்கு நாற்காலி போட்டேன். 'அரங்கம் நிறைந்திருந்தது' என்று எழுதினேன். மூன்று வருஷம் தொடர்ந்து மரம் நட்டோம். மரம் ஒன்றுதான். மூன்றாம் வருஷம் அது எங்கள் தலைவரைவிட உயர்ந்துவிட்டதால், அவரை மண்வெட்டியோடு அதன் கீழே நிறுத்தி அண்ணாந்து பார்க்கச் சொல்லிப் படம் எடுத்தோம். படத்துக்குக் கீழே 'தொலைநோக்கு' என்று போட்டேன். பெண்கள் சிறைக்கு ஒரு கலைக்களஞ்சியம் கொடுத்தோம், ஒன்பதாம் தொகுதி நீங்கலாக. அது தலைவர் வீட்டில் சமையலறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அதுவும் ஒரு பெண்ணுக்குச் செய்கிற தொண்டுதானே.

தலைவர் ஹோர்தென்சியா அர்ஸே வழக்கறிஞர். எங்கள் ஊரில் வழக்கறிஞரும் டாக்டர்தான், ஆகவே டாக்டரம்மா. வட்டத்தில் பட்டம் சொல்லாமல் பேர் சொல்லும் வழக்கம் கிடையாது. தேநீர்கூட அந்த வரிசையில்தான் ஊற்றப்படும். முதலில் டாக்டர்கள், பிறகு பொறியாளர், பிறகு லிசென்சியாதாக்கள், அதாவது பட்டம் முடித்தவர்கள். வகுப்பெல்லாம் முடித்து ஆய்வேடு எழுதாமல் நின்றுபோனவளுக்குத் தேநீர் கிடையாது. ஏனென்றால் அவளுக்கு வட்டத்திலேயே இடம் கிடையாது. அப்படிப்பட்டவளைப் பற்றிப் பேச்சு வந்தால் டாக்டரம்மா, மோதிரம் மாற்றுவதற்கு முன்னால் எழுந்து போன மாப்பிள்ளையைப் பற்றிப் பேசுகிற குரலில் பேசுவார்.

நான் அப்படிப்பட்டவள்தான்.

என் ஆய்வேடு பதினோரு பக்கம் வந்திருந்தபோது, எண்பதாம் வருஷம், ராணுவம் பல்கலைக்கழகங்களைப் பூட்டிவிட்டது. பிறகு திறந்தார்கள். திறந்தும் நாற்பது வருஷம் ஆகிறது. பன்னிரண்டாம் பக்கத்துக்கும் ராணுவத்தையே குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதற்குள் கடைக்காரரிலிருந்து பாதிரியார் வரை என்னை லிசென்சியாதா என்பதைச் சுருக்கி 'லிசென்' என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். மரியாதையாகக் கூப்பிடுகிறவர்களைத் திருத்துவது அநாகரிகம். வட்டத்தில் சேரும்போது சான்றிதழ் கேட்கவில்லை. பட்டதாரிப் பெண்கள் ஒருவரையொருவர் சந்தேகிப்பதில்லை.

இப்போது நெய்ஸாவுக்கு வருகிறேன். தாராபுகோ பக்கத்துக் கிராமத்துப் பெண். அப்பா ஆடு வளர்க்கிறார், அம்மா நெய்கிறாள். வரலாறு படித்தாள். எங்கள் எழுபதாம் ஆண்டு வந்தபோது, வட்டத்தின் செயல்பாடுகளும் சாதனைகளும்தான் என் ஆய்வேடு என்று வந்து நின்றாள். டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. கேக் வெட்டினோம். அறிக்கையில் 'எங்கள் வரலாற்றை நாளைய தலைமுறை எழுதுகிறது' என்று எழுதினேன். அந்த வரி எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

அவள் எட்டு மாதம் எங்கள் அலுவலகத்திலேயே கிடந்தாள். தூசி தட்டினாள், படங்களுக்குப் பின்னால் பேர் எழுதினாள், தினம் பதினொரு மணிக்கு எனக்கும் சேர்த்து சல்தேஞா வாங்கி வந்தாள். எனக்கு அவளை மிகவும் பிடிக்கும். இதை நீங்கள் அடிக்கோடிட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் சாறு உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "லிசென், பட்டப் பதிவேட்டுல எல்லாரு பேரும் கிடைச்சிருச்சு. உங்க பேருதான் ஆப்டவே இல்ல."

"பழைய பதிவேடும்மா. எலி தின்னிருக்கும்."

"பதினாலு பேருல உங்கள மட்டும் தேடிப் போயா தின்னுச்சு? சரி விடுங்க, நான் மறுபடி பாக்கறேன். கிடைக்காம விடமாட்டேன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக என் தட்டில் ஒரு சொட்டு விழுந்தது.

உடனே எதுவும் செய்துவிடவில்லை. நான் அவசரக்காரி இல்லை. எழுத்துப்பிழை பார்ப்பதில் எனக்கு ஊரில் நல்ல பேர் உண்டு. முழு ஆய்வேட்டையும் ஒரு பென்டிரைவில் போட்டு அவளே கொண்டுவந்து கொடுத்தாள். பிழை பார்த்து, அச்செடுத்து, நீலத் துணி அட்டை போட்டுத் தங்க எழுத்தில் கட்டி, ஐந்து பிரதியையும் நானே சமர்ப்பித்துவிடுகிறேன், நீ ஊருக்குப் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வா என்றேன். கையைப் பிடித்து முத்தம் கொடுத்துவிட்டுப் போனாள்.

தேர்வுக் குழுத் தலைவர் பேராசிரியர் எவாரிஸ்தோ பாதில்யா. அவர் தொண்ணூற்றொன்றில் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார், நம் ஊர்க் கன்னிமடப் பள்ளிகளைப் பற்றி. இருநூறு பிரதி அச்சடித்து, நூற்றெழுபது அவர் வீட்டு மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது. அதிலிருந்து ஒன்பது பக்கத்தை எடுத்து நெய்ஸாவின் இரண்டாம் அத்தியாயத்தில் செருகினேன். எங்கிருந்து எடுத்தது என்று போடவில்லை. மனிதர்கள் அடுத்தவர் எழுதியதை மறந்துவிடுவார்கள், தான் எழுதியதை மறக்கமாட்டார்கள். ஆனாலும் ஒருவேளை மறந்துவிட்டால் என்ன செய்வது என்று, அவர் புத்தகத்திலிருந்த அச்சுப்பிழையையும் அப்படியே விட்டேன். 1826க்குப் பதில் 1286. அந்தக் கணக்குப்படி, கொலம்பஸ் கப்பலேறுவதற்கு இருநூறு வருஷம் முன்பே சுக்ரேயில் பெண்கள் பள்ளி நடந்திருக்கிறது. முப்பது வருஷமாக அந்தப் பிழைக்காக நண்பர்கள் அவரைக் கிண்டல் செய்கிறார்கள். அதைப் பார்த்தால் அவருக்குக் கண் சிவக்கும்.

மற்றப் பக்கங்களை நான் படிக்கவில்லை. இதை ஒளிக்கமாட்டேன். எங்கள் வட்டத்தில் யாரும் எதையும் கடைசிவரை படிப்பதில்லை, வாழ்த்துரை மட்டும் வழங்குவோம். செருகுகிற இடம்வரை புரட்டினேன், மூடினேன்.

தேர்வு நாள் காலை பத்து மணி. வட்டத்துப் பெண்கள் அத்தனை பேரும் தொப்பி வைத்துக்கொண்டு வந்திருந்தோம். உங்களுக்குத் தெரியும், இங்கே தேர்வு முடிந்து கதவு திறந்ததும் புதுப் பட்டதாரியின் தலையில் வண்ணக் காகிதத் துகளைக் கொட்டி மாலை போடுவார்கள். தாராபுகோவிலிருந்து லாரி வைத்து வந்திருந்தார்கள். அம்மா, அப்பா, இரண்டு தம்பிகள், சராங்கோ வாசிக்கிற ஒரு மாமா. ஆளுக்கு ஒரு பை காகிதத் துகள். இரண்டு ஆடு அடித்து வைத்திருப்பதாக அப்பா என்னிடம் காதோடு சொன்னார். "நீங்களும் வரணும், லிசென். நீங்கதான் அவளுக்குப் பெரிய துணைன்னு சொல்லிட்டே இருப்பா" என்றார்.

இரண்டு மணி நேரம் நடக்க வேண்டியது, கால் மணியில் கதவு திறந்துவிட்டது. அவ்வளவு கெட்டிக்காரி, சீக்கிரம் முடித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். யாரும் வாயைத் திறப்பதற்குள் ஐந்து பையும் அவள் தலையில் கவிழ்ந்தது. மாமா சராங்கோவை மீட்டத் தொடங்கினார். அம்மா ஆடினாள். நெய்ஸா எதையோ சொல்ல வாயைத் திறந்தாள், வாய்க்குள்ளும் துகள் போயிற்று. அவள் துப்பித் துப்பி அழுவதை ஆனந்தம் என்று நினைத்து இன்னொரு மாலை போட்டார்கள். நல்ல வெயில். மிகவும் அழகாக இருந்தது. என் கோட்டிலும் நிறைய ஒட்டிக்கொண்டது. ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டேன்.

ஆய்வேட்டை ரத்து செய்து, அவளை நீக்கினார்கள். தன் கோப்பில் அந்தப் பக்கங்களே இல்லை என்றாளாம். பிடிபட்ட எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள் என்றாராம் பாதில்யா. இனி நாட்டில் எந்தப் பல்கலைக்கழகமும் அவளைச் சேர்க்காது.

அந்த வருஷம் எங்களுக்குச் சாதனை வருஷம். டாக்டரம்மா 'கல்வி நேர்மை மாதம்' அறிவித்தார். "பாத்தியா எல்ஃபி, பச்சப்புள்ள மாதிரி இருந்துட்டு நம்ம மடியிலயே கை வச்சாளே" என்று என்னிடம் வருத்தப்பட்டார். ஏழு பள்ளிகளில் நான் பேசினேன். தலைப்பு, 'மேற்கோள் குறியும் மனச்சாட்சியும்'. பேச்சின் நடுப்பகுதி ஒரு பத்திரிகையில் வந்தது, நல்ல பகுதி. தலைமையகத்திலிருந்து எனக்கு நேர்மைப் பதக்கம் அனுப்பினார்கள். இப்போது கழுத்தில் இருப்பது அதுதான்.

போன மாதம் ஆண்டறிக்கை எழுத உட்கார்ந்தேன். பழைய தேதிகள் சில தேவைப்பட்டன. நெய்ஸாவின் ஆய்வேட்டில் எல்லாம் ஒழுங்காக இருக்கும், அதைப் பார்த்து எழுதிவிடலாமே என்று எடுத்தேன். ரத்தான ஆய்வேட்டிலிருந்து எடுத்ததை யாரும் சரிபார்க்கமாட்டார்கள். புரட்டிக்கொண்டே போனதில் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வந்தது. உறுப்பினர் பட்டியல். பதினான்காவது பேர் என்னுடையது. 'எல்ஃபிரீதா சமோரானோ. லிசென்சியாதா, இலக்கியம், 1983.' அடிக்குறிப்பில், 'பதிவேட்டின் அந்தத் தாள் ஈரத்தில் சிதைந்துள்ளது. பட்டம் நேரில் உறுதி செய்யப்பட்டது.'

அப்படி ஒரு தாள் சிதையவே இல்லை. எனக்குத் தெரியாதா.

நெய்ஸா இப்போது சந்தை மூலையில் சல்தேஞா கட்டிக் கொடுக்கிறாள். அன்றைக்கே போய்க் கேட்டேன்.

"ஏம்மா அப்படி எழுதின?"

அவள் காகிதத்தை மடித்துக்கொண்டே, "இத்தன வருஷமா ஊரே உங்கள அப்படித்தான கூப்புடுது. ஒரு வரி லிசென். எழுதறதால யாருக்கு என்ன கொறஞ்சிரப் போவுது" என்றாள். ஓரம் கருகாததாகப் பார்த்து இரண்டு எடுத்துக் கொடுத்தாள். யார் பக்கங்களைச் செருகியது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை, பின்னால் வரிசை நின்றது.

நல்ல பெண். ஆனால் ஆதார விஷயத்தில் கொஞ்சம் அலட்சியம். நேர்மைப் பதக்கம் வாங்கியவள் என்ற முறையில் எனக்கு அது உறுத்தத்தான் செய்தது. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள்தான் உண்மையான அநியாயம் எனக்கு விளங்கியது. நான் பட்டதாரி என்று சொல்கிற ஆவணம் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்று. அதை ரத்து செய்து வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே, செயலர் ஐயா, ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒன்பது பக்கங்களைச் செருகியது நான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஒன்பதையும் உருவி எறியுங்கள், அவளைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவள் குடும்பம் மறுபடி லாரி வைத்து வரட்டும். ஆய்வேட்டின் மற்றப் பக்கங்களில் மட்டும் ஓர் எழுத்தும் மாறக்கூடாது. தேர்வுக் குழுவின் ஐந்து பேராசிரியர்களும் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதிலிருப்பது முழுக்கப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட உண்மை. அந்தப் பெண்ணுக்கு நியாயம் கிடைக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

பட்டம் வாங்கவில்லை என்று சற்று முன்னால்தானே சொன்னீர்கள் என்று கேட்கிறீர்கள். சொன்னேன். அது நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்துக்கு முந்தைய நிலவரம்.

முடிந்ததா? கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அடடா, என் பெயரை மொட்டையாக அடித்திருக்கிறீர்கள். முன்னால் கொஞ்சம் இடம் இருக்கிறதே, அதில் 'லிசென்சியாதா' என்று சேர்த்துவிடுங்கள். நான் காத்திருக்கிறேன்.