சைக்கிள் கடை நோட்டு

– அதை அப்புறம் படிக்கலாம்க்கா. முதல்ல நான் சொல்றதைக் கேளு.

– கையில குடுத்துட்டுப் படிக்காதேன்னா என்னடா அர்த்தம்? நாளைக்குக் காலையில விசாரணை அதிகாரிகிட்ட நீ குடுக்கப் போற வாக்குமூலம் இது. பாதி வேலையைப் போட்டுட்டு ஆபீஸ்லேர்ந்து ஓடி வந்திருக்கேன். இதுக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னே? வீட்டுல பேசக்கூடாதா?

– வீட்டுல உன் முகத்தைப் பார்த்தா வளவளன்னு ஏதாவது பேசி மழுப்பிடுவேன். இங்கன்னா அந்தம்மா உள்ள படுத்திருக்காங்க. மழுப்ப வாய் வராது.

– சைக்கிள் கடை அம்மாவா? இந்த வார்டுலயா இருக்காங்க?

– இதோ, இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம், கடைசிக் கட்டில். அஞ்சு மணிக்குத்தான் உள்ள விடுவாங்க. இன்னும் இருபது நிமிஷம் இருக்கு.

– கண்ணு எப்படி இருக்காம்?

– இடது கண்ணு போச்சு. வலதுல மங்கலாத் தெரியுதாம். பட்டப்பகல்ல, மூணு மணிக்குக்கா. கடைக்குள்ள பஞ்சர் பார்த்துக்கிட்டு இருந்தாங்களாம். கொழுந்தன் நுழைஞ்சு அவங்க ஸ்பேனரையே எடுத்து அடிச்சிருக்கான். வெளியில பஸ்ஸுக்கு அத்தனை பேர் நிக்கறாங்க, ஒருத்தர் கிட்ட வரலை.

– அப்ப நீ எங்க இருந்தே?

– கோர்ட்ல. ஒரு கைதியைக் கூட்டிட்டுப் போயிருந்தேன்.

– அப்ப உன் மேல என்ன தப்பு? இருக்கறது பதினொரு பேரு. நீ கோர்ட்டுக்குப் போனா பீட் ரோந்துக்கு யார் போவா? அதை எழுது, முடிஞ்சது.

– அதைத்தான் சொல்ல வந்தேன். அந்தம்மா கடையில நோட்டு ஒண்ணு மாட்டி வச்சிருந்தோம் இல்ல, கொழுந்தன் மிரட்டறான்னு புகார் குடுத்தப்புறம்?

– தெரியும். காலையில ஒரு தடவை, மதியம் ஒரு தடவை பீட் போலீஸ் போய் ஆளைப் பார்த்து, நேரம் எழுதிக் கையெழுத்துப் போடணும். எத்தனை ஆள் வேணும்னு உங்க ஸ்டேஷனை அஞ்சு நாள் சுத்திப் பார்த்து ரிப்போர்ட் எழுதினவகிட்டயே பாடம் எடுக்காதே.

– அந்த நோட்டுல நான் தினமும் போய்க் கையெழுத்துப் போடலைக்கா. வாரத்துல ஒரு நாள் போவேன். வர்ற மொத்த வாரத்துக்கும் சேர்த்து முன்னாடியே போட்டுட்டு வந்துடுவேன்.

– மெதுவாப் பேசு. ஆளுங்க போறாங்க வர்றாங்க.

– போகட்டும். கேட்டா கேக்கட்டும். அந்த நோட்டு மட்டும் இல்லை. என் பீட்டுல நோட்டு மாட்டின பதினாலு இடத்துலயும் அப்படித்தான். பேனா மட்டும் மாத்தி மாத்திப் போடுவேன். ஒரு நாள் நீலம், ஒரு நாள் கறுப்பு. அதுல மட்டும் ரொம்ப கெட்டிக்காரன்.

– யாருக்கும் தெரியாதா?

– கடைக்காரங்களுக்குத் தெரியுமே. சைக்கிள் கடை அம்மாதான் முதல்ல சொன்னதே. ஒரு நாள் வெயில்ல நாக்குத் தள்ளிப் போய் நின்னேன். ஸ்டூலைத் தள்ளிப் போட்டாங்க. தண்ணி குடுத்தாங்க. "ஒருத்தனே எத்தனை இடத்துக்குத்தான் அலைவே, ஒரேயடியா வாரத்துக்கும் போட்டுட்டுப் போப்பா, நான் என்ன ஓடியா போயிடுவேன்"னு நோட்டை அவங்களே எடுத்து நீட்டினாங்க. அந்த வாரம் சும்மா வாங்கிப் போட்டேன். அடுத்த வாரம் நானே கேட்டு வாங்கினேன்.

– அவங்களுக்குப் பயமா இல்லையா?

– அப்ப பயம் இல்லை. தூங்குமூஞ்சி ஏட்டு இருந்தாரே.

– அவரா? நான் வந்த அஞ்சு நாளும் அந்தக் கடைக்கு எதிர் பெஞ்சுல காலை நீட்டிக் குறட்டை விட்டுக்கிட்டு இருந்தாரு. "பதிவான வேலை எதுவும் இல்லை"ன்னு எழுதினேன்.

– எழுதினே. முதல் ஆளா அவரைத்தான் தூக்கினாங்க. இப்ப ஏதோ கிடங்குல காவலுக்கு உக்காந்திருக்காரு. அங்கயும் தூங்கறாராம்.

– அதுல நான் என்ன தப்பு பண்ணினேன்? தூங்கறதுக்கு ஒரு ஆளை வச்சுக்க முடியுமா?

– கொழுந்தனைப் பிடிச்சு விசாரிச்சப்ப நான் கூட நின்னேன்க்கா. இன்ஸ்பெக்டர் கேட்டாரு, ரெண்டு வருஷம் வாயால மட்டும் மிரட்டிக்கிட்டு இருந்தவன் இப்ப ஏன்டா கை வச்சேன்னு. "எதிர்ல ஒரு பெருசு யூனிபார்மோட எப்பவும் படுத்திருக்கும் சார், கொஞ்ச நாளா அது இல்லை"ன்னான்.

– அப்படியா சொன்னான்?

– அப்படியே சொன்னான்.

– அவர் படுத்திருக்கறதும் வேலைதான்னு நான் எந்தக் கட்டத்துலடா எழுதறது? எங்க ஃபாரத்துல அதுக்குக் கட்டமே இல்லை.

– உன்னைக் குத்தம் சொல்லலைக்கா.

– சொல்லு. பதினெட்டு பேரைப் பதினொண்ணா ஆக்கினது நான்தானே. ஆள் பத்தலை, அதனாலதான் நடந்துச்சுன்னு எழுது. என் தலையில போடு, எனக்கு ஒண்ணும் ஆகாது.

– பதினெட்டு பேர் இருந்தப்ப மட்டும் நாங்க என்ன கிழிச்சோம்? நாலு பேர் நாயா அலைவோம், மிச்சப் பேர் கேரம் ஆடுவாங்க. ஆள் பத்தலை ஆள் பத்தலைன்னு மனு எழுதினதும் நாங்கதான். இருந்த ஆளுக்கு வேலையைப் பிரிச்சுக் குடுக்காததும் நாங்கதான். இன்னும் முப்பது பேரைக் குடுத்திருந்தா இன்னொரு கேரம் போர்டு வாங்கியிருப்போம். அதை விடு. உன் ரிப்போர்ட்டுல எட்டாவது பக்கத்துல என்ன எழுதினே?

– எதுக்கு இப்ப அது?

– "ஒரே காவலர் பதினான்கு இடங்களுக்குத் தினமும் இரண்டு தடவை போகிறார், ஒரு நாள் கூட விடுபடவில்லை, திறமையாகப் பிரித்தால் பதினொரு பேரே போதும்." எனக்கு மனப்பாடம். பேர் போடலை, ஆனா யாருன்னு ஸ்டேஷன்ல எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. "வாடா முன்மாதிரி"ன்னுதான் கூப்பிடுவாங்க. நானும் சிரிச்சுக்கிட்டே போவேன். ஏழு பேர் மூட்டை கட்டிக்கிட்டுப் போனப்ப கூட வாயைத் திறக்கலை. அன்னைக்கே உன்கிட்ட வந்து, அக்கா இது பொய்க் கையெழுத்து, இதை வச்சு எழுதாதேன்னு சொல்லியிருந்தா, ஏட்டு அந்த பெஞ்சுல இன்னும் படுத்திருப்பாரு.

– போனதைப் பேசி என்ன ஆகப் போகுது? என் தம்பி வேலை பார்க்கற ஸ்டேஷன், வேற யாரையாவது அனுப்புங்கன்னு நானும்தான் சொல்லியிருக்கணும். சொல்லலை. உன்னைப் பத்திப் பெருமையா நாலு வார்த்தை எழுதலாம்னு ஒரு நப்பாசை.

– அந்தப் பெருமைதான்க்கா என்னைக் கொல்லுது.

– சரி, கணக்காப் பேசுவோம். அந்தம்மா வாக்குமூலம் குடுத்தாச்சா?

– நேத்துக் குடுத்துட்டாங்க. "அந்தத் தம்பி ஒரு நாள் தவறாம வந்து பார்த்துட்டுப் போவாரு"ன்னு.

– அவங்களா சொன்னாங்க?

– நான் கேக்கக் கூட இல்லை. கண்ணுல கட்டோட படுத்துக்கிட்டு எனக்காகப் பொய் சொல்றாங்க. பிள்ளைக்காரன், வேலை போயிடக் கூடாதாம்.

– அப்புறம் என்னடா? அவங்களே சொல்லியாச்சு. நோட்டுலயும் கையெழுத்து இருக்கு. அன்னைக்கு மட்டும் கோர்ட் டூட்டின்னு எழுதினா போதும். எதுக்கு நீயா போய்த் தலையைக் குடுக்கறே?

– அக்கா, நீயா இப்படிப் பேசறே?

– நான்தான் பேசறேன். ரெண்டு பிள்ளைங்க உனக்கு. பேசாம என்ன பண்ணச் சொல்றே?

– உன் ரிப்போர்ட்டைப் பார்த்து இன்னும் நாற்பது ஸ்டேஷன்ல ஆள் குறைக்கப் போறாங்கன்னு நீதானே போன வாரம் சொன்னே? நாற்பது இடத்துலயும் ஒரு சைக்கிள் கடை இருக்கும். அங்க எல்லாம் என் கையெழுத்தை நம்பித்தானே ஆளை எடுப்பாங்க?

– ஆமா, அதை நம்பித்தான் எடுப்பாங்க.

– அதான் எழுதிட்டேன். எனக்கு வேலை போகும், தெரியும். அதுக்கு மனசைத் தேத்திக்கிட்டேன். உன்னைத்தான் நினைச்சு நினைச்சு நாலு நாளா எழுத முடியலை. உன் பேர் கெடுமேன்னு. கடைசியில ஒரு வழி கண்டுபிடிச்சேன்.

– என்ன வழி?

– அஞ்சு மணி ஆச்சு. கடைசிக் கட்டில் பேஷண்டைப் பார்க்க வந்தவங்க யாரு? ஒருத்தர்தான் உள்ள போகலாம். அதிகம் பேச வைக்காதீங்க.

– நாங்கதான் சிஸ்டர். ஒரே நிமிஷம், வந்துடறோம்.

– சீக்கிரம் வாங்க. அரை மணி நேரம்தான்.

– என்ன வழின்னு கேட்டேன்டா.

– கடைசிப் பக்கத்தைப் பாரு. "ஆய்வு செய்ய வந்த அதிகாரிக்கு இந்தப் பொய்க் கையெழுத்துகள் பற்றி எதுவும் தெரியாது. அவரை நான் ஏமாற்றினேன்." உன் மேல ஒரு சொல் வராது. நீ ஏமாந்தவ, அவ்வளவுதான். ஏமாந்தது தப்பு ஆகாது இல்லையா? என்னை மன்னிச்சிடுக்கா. சின்ன வயசுலேர்ந்து உன்கிட்ட நான் எதையும் மறைச்சதில்லை, இதைத்தான் மறைச்சேன்.

– பேனா இருக்கா?

– இருக்கு. எதுக்கு?

– இந்த வரியை அடிச்சிடு.

– ஏன்க்கா? உண்மைதானே அது?

– நான் அந்தக் கடைக்குப் போனது ஒரு திங்கக்கிழமைடா. நோட்டை எடுத்துப் பிரிச்சுப் பார்த்தேன். வரப் போற வெள்ளிக்கிழமை வரைக்கும் உன் கையெழுத்து அப்பவே இருந்துச்சு. மூடி, அதே ஆணியில மாட்டிட்டு வந்தேன்.