பெரிய கிளாக்கரின் நித்திரை

இல்லை டொக்டர், அது பெரிய பிழை. மலைநாட்டுக் குளிருக்கு அடிச்சுப்போட்ட மாதிரி நித்திரை வரும் எண்டு யாழ்ப்பாணம் முழுக்க ஒரு நம்பிக்கை கிடக்கு. இதைப் பாராளுமன்றத்திலை சட்டம் போட்டுத் தடைசெய்ய வேணும். உண்மையாத்தான் சொல்லுறன். சனம் இதை நம்பித்தான் கம்பளிச் சட்டையும் வாங்கிக்கொண்டு பதுளை ரயில் ஏறுது. குளிர் மனிசனைப் படுக்கத்தான் வைக்கும். நித்திரையாக்கிறது வேறை வேலை. இந்த வித்தியாசம் தெரியாமல்தான் நான் இந்தத் தேயிலைத் தோட்டத்திலை பெரிய கிளாக்கராயிருக்க ஓமெண்டனான்.

இருக்கிறன், இருக்கிறன். இந்த ஸ்டூல் காணும். வெளியிலை பிள்ளைத்தாய்ச்சியள் காத்துக்கொண்டிருக்கினம், உங்களை மினக்கெடுத்த மாட்டன். பாக்டரியிலை இராக்காவல் நிக்கிற வாச்சர் அழகரின்ரை விசயம்தான். பின்னேரம் துரை முடிவு சொல்லப்போறார். வேலை நேரத்திலை குடிவெறியிலை கிடந்தவன் எண்டு முடிவானால் பத்துச்சீட்டுத்தான். வேலையும் போச்சு, லயத்துக் காம்பிராவும் போச்சு. பெண்சாதி பிள்ளையளோடை பண்டாரவளை றோட்டிலை நிக்கவேண்டியதுதான். அதுதான் நீங்கள் ஒரு துண்டு எழுதித் தந்தால்... காய்ச்சல், மயக்கம், உப்பிடி ஏதாவது.

ஓம், பொய் எழுத மாட்டியள். தெரியும். நான் பொய் கேக்கேல்லையே. அவனிலை சாராய மணம் இல்லையெண்டு அண்டைக்கு நீங்கள்தானே சொன்னனீங்கள்? அதை மட்டும் எழுதினாலும் காணும். லயத்துச் சனமும் கொஞ்சம் அடங்கும். அவங்களுக்கு இவனிலை கோவம் ரெண்டு மடங்கு பாருங்கோ. விடியச் சேகண்டி அடிச்சு எழுப்பிற ஆள் அடிக்காமல் கிடந்தால், மேல் லயம் முழுக்க நித்திரை. விடியப் பேர் பதியிற பெரட்டுக்குப் பிந்திப் போனவைக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். அதோடை மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டினவன் குடிச்சிட்டான் எண்டு கோயில் தலைவர் அவன்ரை கையிலை இருந்த மஞ்சள் நூலையும் அறுத்துப்போட்டார். அழகர் அதுக்குத்தான் அழுதவன். வேலை போறதுக்கு அழேல்லை.

என்ன? குடிக்கேல்லையெண்டால் மத்தியானம் வரையும் ஏன் எழும்பேல்லை எண்டு துரை கேப்பாரோ? கேப்பார்தான். நியாயமான கேள்வி.

என்ரை நித்திரையோ? அதை ஏன் இப்ப கேக்கிறியள்? பரவாயில்லை. போகுது. நித்திரைக் குளிசையை நிப்பாட்டினால் முதல் கொஞ்ச நாள் முந்தியிலும் மோசமா இருக்கும், பயப்பிடாதையுங்கோ, தன்பாட்டிலை சரிவரும் எண்டு சொன்னனீங்கள் எல்லே. முதல் பாதி அச்சொட்டாச் சரி. ரெண்டாம் பாதிக்காகக் காத்துக்கொண்டிருக்கிறன்.

இல்லை டொக்டர், உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நீங்கள் படிச்சுப்படிச்சுத்தான் சொன்னனீங்கள். ஒரு கிழமைக்கு மேலை தரமாட்டன், தேவைப்பட்டால் மட்டும் போடுங்கோ, குடிவகையோடை சேர்க்கப்படாது, வேறை ஆருக்கும் குடுக்கப்படாது, அடுத்தநாள் காலமை மெசினுக்குக் கிட்டப் போகப்படாது. நான் பகிடிக்கு, எனக்குக் கிட்ட இருக்கிற மெசின் டைப்ரைட்டர் ஒண்டுதான், அது ஆளைக் கடிக்காது எண்டனான். நீங்கள் சிரிக்கேல்லை. திரும்ப வந்து இன்னும் ஒரு கிழமைக்குத் தாங்கோ எண்டு கேட்டதுக்கு, முடியாதெண்டிட்டியள். இன்னும் தந்தால் குளிசை இல்லாமல் கண்மூட ஏலாத ஆளாப் போயிடுவியள் எண்டனீங்கள். என்ரை கலைக்களஞ்சியத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையே எண்டு நான் வாதாடினன். அது எப்ப அச்சடிச்சது எண்டு கேட்டியள். பாத்தால் புத்தகம் குளிசையிலும் மூத்தது. அப்பவும் நீங்கள் சிரிக்கேல்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்கேல்லை.

பேந்து, அறையிலை மணிக்கூடு வைக்கப்படாது, நேரம் பாக்கப் பாக்க நித்திரை ஓடிப்போகும் எண்டியள். எடுத்துக் குசினியிலை வைச்சன். மணிக்கூட்டை எடுக்கலாம் டொக்டர், அழகரை எப்பிடி எடுக்கிறது? மணித்தியாலத்துக்கு ஒருக்கா பாக்டரி வாசல்லை சேகண்டியாத் தொங்கிற தண்டவாளத் துண்டிலை அடிப்பான். அந்தச் சத்தம்தான் வாச்சர் முழிச்சிருக்கிறான் எண்டதுக்குத் துரைக்கு அத்தாட்சி. எனக்கு அது வேறை கணக்கு. விடிய இன்னும் இவ்வளவு கிடக்கு, இன்னும் இவ்வளவு கிடக்கு எண்டு. நித்திரையில்லாதவனுக்கு நேரம் சொல்லுறது போலை ஒரு தண்டனை நரகத்திலையும் இருக்காது.

சொன்னனான், சொல்லாமல் இல்லை. மெதுவா அடி அழகர் எண்டு கேட்டனான். மெதுவா அடிச்சா பங்களாவுக்குக் கேக்காதுங்களே ஐயா, வாச்சர் தூங்கிட்டான்னு தொர அபராதம் போட்டுருவாருங்க எண்டான். சரிதானே? அதோடை விட்டிருக்கலாம். ஐயாவுக்குத் தூக்கம் வரலைன்னா நம்ம கூட வந்து ஒக்காருங்க, நெருப்பு இருக்கு, பேசிக்கிட்டு இருக்கலாம் எண்டும் சொன்னான். அப்பிடியெல்லாம் சொல்லாமல் இருந்திருக்கலாம் அவன்.

இல்லை, நான் போய் இருக்கேல்லை. பெரிய கிளாக்கர் வாச்சரோடை நெருப்புக் காய்ஞ்சால் தோட்டம் என்ன சொல்லும்? ஆனால் கமலாம்பிகை, என்ரை மனுசி, அவனுக்கு நெடுகவும் பின்னேரத்திலை ஒரு பேணி தேத்தண்ணி குடுத்துவிடுறவ. வேலைக்காரி கொண்டுபோறவள்.

அண்டைக்கோ? அண்டைக்கு நான் கொண்டுபோனன்.

ஏன் அப்பிடிப் பாக்கிறியள்? மற்ற நேரத்திலை முகத்திலை ஒண்டையும் காட்ட மாட்டியள்.

ஓம்.

ஓம் டொக்டர். குளிசையிலை மிச்சம் ரெண்டு இருந்தது. நீங்கள் தேவைப்பட்டால் மட்டும் எண்டதாலை ஒரு ரோசத்திலை மிச்சம் பிடிச்சது. ஒரு இரவு, ஒரேயொரு இரவு அந்தத் தண்டவாளம் சும்மா கிடந்தால் எனக்கு நித்திரை பழகிப்போகும் எண்டு நினைச்சன். வியாதிக்கு மருந்து குடுக்கிறதை விட்டிட்டுக் காரணத்துக்கு மருந்து குடுக்கிறன் எண்டு எனக்கு நானே விளக்கமும் சொன்னன். அந்த நேரம் அது நல்ல தர்க்கமா இருந்தது. படிச்ச மனிசனுக்கு வாற ஆபத்து உதுதான், எந்தக் கழுதைத்தனத்துக்கும் ஒரு நியாயம் கைவசம் வைச்சிருப்பான்.

ரெண்டையும்தான் கரைச்சனான். எனக்கு ஒண்டு போதாததாலை அவனுக்கும் போதாது எண்டு நினைச்சன். ஒருநாளும் போடாதவன் எண்டதை யோசிக்கேல்லை. விரதகாலம், ஒரு நேரச் சாப்பாடு, அதுவும் எனக்குத் தெரியும். தெரியும், ஆனால் ரெண்டையும் ஒண்டாச் சேர்த்துப் பாக்கேல்லை. கசக்கும் எண்டு சீனி மட்டும் கூடப் போட்டனான். ஐயா கையால கொண்டாந்ததா, அதான் இனிப்பா இருக்கு எண்டு சொல்லிச்சொல்லிக் குடிச்சவன்.

நான் நித்திரை கொண்டனோ எண்டோ? கொண்டனான் டொக்டர். குளிசையும் இல்லாமல், பாய்க்கடியிலை பேய் வந்து நிண்டாலும் தெரியாத நித்திரை. காலமை கமலாம்பிகைதான் உலுப்பி எழுப்பினவ, வாச்சர் மழைத்தூறலுக்குள்ளை பாக்டரி வாசல்லை கட்டை மாதிரிக் கிடக்கிறானாம் எண்டு. உடம்பு குளிர்ந்துபோய், மூச்சு எப்பவாவது ஒண்டு. நீங்கள் சுடுதண்ணிப் போத்தல் வைச்சுக் கன்னத்திலை தட்டிக்கொண்டிருந்ததை நான் யன்னலாலை பாத்தனான். உள்ளுக்கு வரேல்லை. வந்து ரெண்டு சொல்லுச் சொல்லியிருந்தால் உங்களுக்கு வைத்தியம் லேசா இருந்திருக்கும், என்ன?

ஓம். செத்திருப்பான். நீங்கள் சொல்லாட்டியும் தெரியும். அண்டையிலிருந்து தண்டவாளம் அடிக்கிறது கணக்கப்பிள்ளையின்ரை ஆள் ஒருத்தன். சோம்பேறி. ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்காத்தான் அடிக்கிறான். நான் முழிச்சிருந்து அவன் அடிக்காமல் விட்டதையும் எண்ணிக்கொண்டு கிடக்கிறன்.

பேனையை எடுக்கிறியளே, என்ன எழுதப்போறியள்? நித்திரைக் குளிசை ஆரோ குடுத்ததாலை எண்டோ? ஆரோ எண்டால் துரை விடமாட்டார். என்ரை பேரையோ? அது... எனக்குப் பென்சனுக்குக் கிட்ட. சரி. போடுங்கோ. இரகுநாதன் எண்டு முழுசாப் போடுங்கோ. முதலெழுத்தை மட்டும் போட்டால் பேந்து நான் அதுக்கும் ஒரு விளக்கம் சொல்லுவன்.

நேற்று விசாரணையிலையே ஏன் சொல்லேல்லை எண்டோ? நான் அங்கை சாட்சிக்குப் போகேல்லையே டொக்டர். துரைக்கு வா, போ எண்ட ரெண்டுக்கு மேலை தமிழ் வராது. அழகருக்கு இங்கிலீசு தெரியாது. நடுவிலை நிண்டு மொழிபெயர்க்கிறது பெரிய கிளாக்கரின்ரை வேலை. காப்பு கட்டியிருக்கேன் தொர, சாமி சத்தியமா குடிக்கலைங்க எண்டான். அதை ஒரு காற்புள்ளி பிசகாமல் சொன்னனான். அப்ப என்னதான் நடந்தது எண்டு துரை கேட்டார். அழகர் என்னை ஒருக்காப் பாத்தான். சந்தேகமாப் பாக்கேல்லை. என்ரை பேரை இழுக்கிறது மரியாதையில்லையோ எண்டு யோசிச்ச பார்வை. பேந்து, ஐயா குடுத்த தேத்தண்ணியக் குடிச்சேங்க, அதுக்கப்புறம் ஒன்னும் ஞாபகமில்லைங்க எண்டான்.

இவனுக்கு ஒண்டும் ஞாபகமில்லையாம் எண்டு நான் இங்கிலீசிலை சொன்னன்.

அதுக்குப் பிறகுதான் நானாகவே நிறையக் கதைச்சன். பழைய ஆள், நேர்மையானவன், ஒருக்கா மன்னிக்கவேணும் எண்டு, கேட்ட கேள்வியை விட்டிட்டு நீட்டி முழக்கினன். அவன்ரை பெண்சாதி பெரியாயி வாசல்லை நிண்டவள். அவளுக்கு என்ரை இங்கிலீசிலை நீளம் மட்டும்தான் விளங்கியிருக்கு. இண்டைக்குக் காலமை சீலைத் தலைப்பிலை முட்டை முடிஞ்சு கொண்டுவந்தவள், ஐயா எங்களுக்காக அம்புட்டுப் பேசுனீங்களே எண்டு. கமலாம்பிகை ரெண்டைப் பொரிச்சுப் பாணோடை வைச்சா. சாப்பிட்டிட்டுத்தான் வந்தனான்.