பச்சை வட்டம்

ஐந்தரை மணிக்கு மேல் நான் அலுவலகத்தில் இருப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்கப்போவதெல்லாம் வெள்ளிக்கிழமை சாயங்காலத்தைப் பற்றித்தான். வேலை முடிந்தால் மனிதன் வீட்டுக்குப் போக வேண்டும். இதற்காக நான் பல வருடமாகக் கரடியாகக் கத்தியிருக்கிறேன்.

எங்களுடையது உறைய வைத்த காய்கறிகளைச் சேமித்து அனுப்பும் கிடங்கு. என்னைத் தவிர மொத்தம் அறுபத்து மூன்று பேர். நான் பணியாளர் நல மேலாளர். நான் வந்த புதிதில் இங்கே யாரும் உருப்படியாக லீவு எடுத்ததில்லை. எடுத்தவர்களும் போனைக் காதிலிருந்து இறக்கவில்லை. ஒருவர் தன் தங்கை கல்யாணத்தன்று பட்டாணி லாரிக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் கேள்விப்பட்ட பிறகுதான் சுவரில் அந்த அட்டையை மாட்டினேன்.

ஆளுக்கு ஒரு கட்டம். பதினைந்து நாளோ ஒரு வாரமோ, லீவு தொடங்கும் நேரத்தில் நான் கட்டத்தில் ஒரு பச்சை வட்டம் ஒட்டுவேன். கம்பெனி போனை என் மேஜை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போக வேண்டும். லீவில் இருப்பவரை யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு நிமிடம் வேலை பார்த்தது தெரிந்தாலும் வட்டத்தைக் கிழித்துவிடுவேன். ஆரம்பத்தில் கேலி செய்தவர்கள் பிறகு திரும்பி வந்து கைகொடுத்தார்கள். ஒருவருக்கு ரத்த அழுத்தம் குறைந்தது. ஒருவருடைய பிள்ளை அப்பாவோடு பேசத் தொடங்கினான். நான் செய்தது நல்ல காரியம் என்பதை இவ்வளவுக்குப் பிறகும் என்னால் மறுக்க முடியவில்லை.

அட்டையில் என் பெயர் இல்லை. இதையெல்லாம் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டுமே.

கடைசியில் வட்டம் வாங்காமல் இரண்டு பேர் மட்டும் மிஞ்சினார்கள். ஒருவர் பராமரிப்பு மேஸ்திரி. எல்லோரும் அவரை ஸ்பேனர் அண்ணன் என்பார்கள். இரண்டாம் குளிர் அறையின் உள்பக்கக் கைப்பிடி தேய்ந்துவிட்டது, புதியது வந்ததும் மாட்டிவிட்டுத்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றார்.

"வந்து மாட்டுங்கண்ணே. ஒரு வாரத்துல கட்டடம் இடிஞ்சா விழுந்துடும்?" என்றேன்.

"அப்படின்னா இந்த போனையாவது யார் கையிலயாவது குடுத்துடுங்க சார். அறைக்குள்ள மாட்டிக்கிட்டவங்க சுவத்து பட்டனை அமுக்கினா, இது ஒண்ணுலதான் மணி அடிக்கும், எடுத்தா உள்ள இருக்கறவங்களோட பேசலாம்."

குடுத்துடுறேன் என்றேன். கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் கொடுத்தால் அந்த ஒரு போன் மட்டும் வேலை செய்துகொண்டிருக்கும். நாளைக்கு அடுத்தவரும் ஒரு காரணத்தோடு வருவார். இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

மற்றவர் லேபிள் அக்கா. பெட்டிகளில் தேதி ஒட்டுகிறவர். ஒன்பது வருடமாக ஒரு நாள்கூட லீவு எடுத்ததில்லை. நான்தான் வாய் வலிக்கப் பேசினேன். மகளுக்குக் குழந்தை பிறந்து மூன்று மாதமாகியும் இவர் போய்ப் பார்க்கவில்லை. "நான் போயிட்டா தேதியெல்லாம் தப்பாயிடும் தம்பி" என்பார். தப்பானால் ஆகட்டும், பேரன் வளர்ந்துவிடுவான் என்றேன். அன்றைக்கு அவர் கண் கலங்கியது. கையோடு கையெழுத்து வாங்கிக்கொண்டேன். திங்கட்கிழமை கம்பெனித் தலைவர் அட்டையைப் பார்க்க வருவதாக இருந்தார் என்பதும் உண்மைதான். அதற்காகத்தான் செய்தேன் என்று சொல்லிவிடாதீர்கள்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அக்காவின் லீவு தொடங்கியது. அறுபத்து மூன்றாவது வட்டத்தை ஒட்டிவிட்டு அட்டையைத் தள்ளி நின்று பார்த்தேன். ஒரு வெள்ளைக் கட்டம்கூட இல்லை. மற்றவர்கள் ஐந்து மணிக்குக் கிளம்பினார்கள். சனி, ஞாயிறு கிடங்கை முழுதாக மூட வேண்டும் என்பதும் என் ஏற்பாடுதான். அதற்கும் நான் நிறையப் போராடினேன்.

ஐந்து பன்னிரண்டுக்கு இழுப்பறைக்குள் மணி அடித்தது. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் அழைப்புப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு முறை எடுக்கவில்லை. மூன்றாவது முறை எடுத்தேன், பத்தொன்பது விநாடி. அதற்குப் பிறகு ஒன்பது முறை, கடைசியாக ஆறு ஐம்பதுக்கு. அவற்றை நான் கேட்கவில்லை. போனை ஊமையாக்கி உள்ளே வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை காலை அக்காவின் மகள் என்னைக் கூப்பிட்டாள். "சார், அம்மா இன்னும் வந்து சேரல. வண்டி ஏறினாங்களா?"

"அவங்க லீவுல இருக்காங்கம்மா. லீவுல இருக்கறவங்களை நாங்க தேடுறதில்ல. வழியில யாரையாவது பாத்துட்டு வருவாங்க."

"அம்மாவுக்கு யாரையும் தெரியாதே சார்" என்றாள். பின்னால் குழந்தை அழுதது. வைத்துவிட்டேன். கிடங்குச் சாவி என் வீட்டுச் சமையலறை ஆணியில் தொங்கியது. மத்தியானம்வரை அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது போயிருக்கலாம். போகவில்லை. போனால் எதைப் பார்ப்பேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. நெஞ்சு உறுத்துகிறது என்பதெல்லாம் சின்ன வார்த்தை.

திங்கட்கிழமை காலை ஒரு வார லீவு முடிந்து ஸ்பேனர் அண்ணன் வந்தார். முகம் தெளிந்து, ஐந்து வயது குறைந்தவர்போல இருந்தார். அதை இப்போது சொல்லக் கூடாதுதான். இழுப்பறையைத் திறந்து போனைக் கொடுத்தேன். திரையைப் பார்த்தார். இரண்டாம் குளிர் அறைக்கு ஓடினார். நான் பின்னால் போகவில்லை. அவர் கத்தியது என் அறைவரை கேட்டது. அப்புறம் திரும்பி வந்து என் எதிரே நின்று, "யார் கையிலயும் குடுக்கலையா சார்?" என்று மட்டும் கேட்டார். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அக்கா எதற்காக உள்ளே போனார் என்று எல்லோருக்கும் தெரியும். தனக்குப் பதில் வருகிறவர் கஷ்டப்படக் கூடாது என்று, பதினைந்து நாளைக்கான பெட்டிகளிலெல்லாம் முன்கூட்டியே தேதி ஒட்டியிருக்கிறார். ஒன்றுகூடத் தப்பில்லையாம்.

அந்தப் பத்தொன்பது விநாடியில் என்ன பேசினோம் என்று மூன்று நாளாகக் கேட்கிறீர்கள். லைன் சரியில்லை, யார் என்று தெரியவில்லை என்று சொல்லி வந்தேன். அது சப்பைக்கட்டு. குரல் தெளிவாகவே இருந்தது. "தம்பி, கதவு திறக்க மாட்டேங்குது" என்றார். நான், "அக்கா, உங்க லீவு நாலு மணிக்கே ஆரம்பிச்சாச்சு. எதுவா இருந்தாலும் லீவு முடிஞ்சு வந்து பேசிக்கலாம்" என்றேன். "கதவு தம்பி" என்றார் மறுபடியும். அப்போது வைத்தேன்.

அந்தக் கதவு வெளியிலிருந்து ஒரு கையால் திறக்கும். என் அறையிலிருந்து நாற்பது அடி தூரம்தான். ஆனால் நான் போய்த் திறந்திருந்தால், நான்கு மணிக்கு மேலும் அவர் வேலையில் இருந்தார் என்று ஆகிவிடும், வட்டத்தைக் கிழிக்க வேண்டியிருக்கும். போகும்போது அவருடைய பை நாற்காலியில் இருந்ததைப் பார்த்தேன். ஊருக்குப் போகிற அவசரத்தில் மறந்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, விளக்கை அணைத்துவிட்டு, சரியாக ஐந்தரைக்குக் கிளம்பினேன்.