முன்னறை ரேடியேட்டரின் இடப்பக்க வால்வு

வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டருக்கு இரண்டு வால்வுகள் உண்டு என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. வலப்பக்க வால்வில் ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டிருக்கும். குளிர்ந்தால் எல்லாரும் அதைத்தான் திருகுவார்கள். இடப்பக்கம் வெள்ளைப் பிளாஸ்டிக் மூடிக்குள் இன்னொன்று இருக்கும். அதை ஸ்பேனர் வைத்துத்தான் திருப்ப முடியும். ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் அப்புறம் யாரும் அதன் பக்கமே போகமாட்டார்கள். நாற்பத்தோரு வருடம் கீத்லி ஊர் முழுக்க அந்த மூடிகளைக் கழற்றி மாட்டியவன் நான். நீங்கள் கேட்டபடி எல்லாவற்றையும் எழுதித் தருகிறேன், இன்ஸ்பெக்டர். தேநீருக்கு நன்றி.

பாய்லருக்குப் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டர் வெந்நீரை முதலில் வாரிக்கொள்ளும். கடைசியில் இருப்பதற்கு மிச்சம் மீதிதான். அதனால் பக்கத்தில் இருப்பதன் இடப்பக்க வால்வைக் கொஞ்சம் மூட வேண்டும். கால் சுற்று மூடுவது, காத்திருப்பது, குழாயைத் தொட்டுப் பார்ப்பது, மறுபடி கால் சுற்று. வீட்டைச் சமன் செய்வது என்று இதைத்தான் சொல்வோம். எங்கள் வீட்டில் பாய்லருக்குப் பக்கத்தில் கீழே முன்னறை. கடைக்கோடியில் மாடியில் என் மனைவி டோரீனின் அறை.

டோரீனுக்கு நுரையீரல் பலவீனம். போன குளிர்காலத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் முறை டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னார்.

"இன்னொரு தடவை மார்புல சளி கட்டினா தாங்க மாட்டாங்க, ஹெட்லி. அறை எப்பவும் இருபத்தொரு டிகிரியில இருக்கட்டும்."

அவள் அறை பதினாறைத் தாண்டியதே இல்லை. மின்சார ஹீட்டர் வைத்தால் காற்று வறண்டு இருமல் கூடியது. பம்பை மாற்றினேன், குழாயில் அடைத்த காற்றை வெளியேற்றினேன். ஒன்றும் பலிக்கவில்லை. அவள் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறேன். ஊரில் உள்ள வீட்டையெல்லாம் சூடாக்கியவனுக்குத் தன் மனைவியின் அறையைச் சூடாக்க வக்கில்லை.

வெந்நீர் எல்லாம் முன்னறைக்குப் போனது. முன்னறையில் டோரீனின் அக்கா வினிஃப்ரெட் இருந்தாள்; வின்னி என்றுதான் கூப்பிடுவோம். இடுப்பு எலும்பு ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், மூன்றாவது குளிர்காலமும் ஒட்டிக்கொண்டிருந்தாள். வயது எழுபத்தொன்பது. வால்வை ஐந்தில் வைத்துவிட்டு ஜன்னலையும் திறந்து வைப்பாள்.

"மூச்சு முட்டுதுப்பா ஹெட்லி. கொஞ்சம் காத்து வேணாமா?"

என் மனைவிக்குப் போக வேண்டிய சூடு அந்த ஜன்னல் வழியே தெருவுக்குப் போனது. அக்காவை வேறு இடம் பார்க்கச் சொல் என்று டோரீனிடம் கேட்டேன். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"என் வாயால அதைச் சொல்ல மாட்டேன். நீயும் சொல்லக்கூடாது."

நவம்பர் முதல் வாரத்தில் முன்னறை வால்வை முறைப்படி மூடினேன். அதில் தப்பே இல்லை. யார் வீட்டிலும் அதைத்தான் செய்திருப்பேன். மாடி அறை பத்தொன்பதுக்கு வந்தது. முன்னறையும் பத்தொன்பது. அங்கே நிறுத்தியிருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். டாக்டர் சொன்னது இருபத்தொன்று.

அதனால் வாரம் கால் சுற்று. வின்னி குளித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மூடியைக் கழற்றுவேன், திருப்புவேன், மாட்டுவேன். வலப்பக்க எண் ஐந்திலேயே நின்றது. டிசம்பரில் மாடி இருபத்தொன்றைத் தொட்டது. முன்னறையில் என் வெப்பமானி பதின்மூன்று காட்டியது.

குளிர் பொறுக்காமல் பக்கத்து ஊர் ஸ்கிப்டனில் இருக்கும் தன் மருமகள் வீட்டுக்குப் போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். வின்னி மின்சார ஹீட்டரைக் கேட்டாள். வயர் சரியில்லை, தீப்பிடிக்கும் என்று சொல்லி அதை எடுத்து வேனில் போட்டுக்கொண்டேன். அதற்குப் பிறகு அவள் எதுவுமே கேட்கவில்லை. ஒன்றின் மேல் ஒன்றாகக் கம்பளிக் கார்டிகன் போட்டுக்கொண்டாள்.

தினமும் சாயந்திரம் நானே விசாரிப்பேன்.

"அறை சூடா இருக்கா, வின்னி?"

"அருமையா இருக்குப்பா. அடுப்பு பக்கத்துல உக்காந்த மாதிரி இருக்கு. நீ இருக்கும்போது எங்களுக்கு என்ன குறை?"

சொல்லும்போது அவள் மூக்கு நுனி நீலம் பாரித்திருக்கும். எங்கள் ஊர்க்காரர்கள் அப்படித்தான். நடுங்கிக்கொண்டே நன்றி சொல்வார்கள்; குறை சொல்வதை அநாகரிகமாக நினைப்பார்கள். அந்த மௌனத்தை நம்பித்தான் நான் காரியத்தில் இறங்கினேன். ஆனாலும் என் முகத்துக்கு நேரே அவள் பொய் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டை விட்டு நகரக்கூடாது என்பதற்காக நடிக்கிறாள் என்று நினைத்தேன். ஜனவரி மூன்றாம் தேதி வால்வை முழுசாக மூடினேன்.

குளிர் வயதானவர்களை என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். வேலைக்குப் போன இடத்தில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன், நாற்காலியில் உட்கார்ந்தபடியே போனவர்களை. வலியில்லாமல்தான் போயிருந்தார்கள். அதையும் யோசித்துத்தான் செய்தேன்.

பகலில் நான் வீட்டில் இருப்பதில்லை. குளிர்காலம் முழுக்க எங்கள் சர்ச்சைச் சேர்ந்த முதியவர்கள் வீடுகளில் இலவசமாக ரேடியேட்டர்களைச் சமன் செய்து கொடுப்பேன். ஒன்பது மணிக்குக் கிளம்பி நாலு மணிக்குத் திரும்புவேன். படி ஏறி இறங்காதே என்று டோரீனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். திரும்பி வரும்போது மாடி அறையில், தன் நாற்காலியில் இருப்பாள். மூச்சு வாங்கும். கன்னம் சிவந்திருக்கும். அறையின் சூடு முகத்தில் தெரிகிறது என்று சந்தோஷப்பட்டேன்.

ஜனவரி பதினைந்தில் டோரீனுக்கு மார்பில் சளி கட்டியது. இருபத்தாறாம் தேதி இறந்துபோனாள்.

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை. டிசம்பருக்குப் பிறகு அறை ஒரு நாள்கூட இருபத்தொன்றுக்குக் கீழே இறங்கவில்லை. தினமும் இரண்டு வேளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அடக்கம் முடிந்து, தேநீரும் ஹாம் சாண்ட்விச்சும் சாப்பிட்டுவிட்டு எல்லாரும் போன பிறகு, வின்னி என் கையைப் பிடித்தாள். டோரீனின் பச்சைக் கார்டிகனைப் போட்டிருந்தாள்.

"இனிமே சொன்னா தப்பில்ல, ஹெட்லி. அந்த ரேடியேட்டர் கிறிஸ்துமஸுக்கு முன்னாடியே ஜில்லுன்னு ஆயிடுச்சு. உன்கிட்ட சொல்லலாம்னேன், டோரீன் விடல. 'நாப்பது வருஷம் இதே வேலை பாத்தவன், சொந்த வீட்டுல ஓடலைன்னா கூனிக்குறுகிப் போயிடுவான்'னா. நீ கிளம்பினதும் கீழ வந்துடுவா. ரெண்டு பேரும் ஒரே போர்வைக்குள்ள உக்காந்திருப்போம். உன் வேன் சத்தம் கேட்டா மேல ஓடுவா. சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிப்போம்ப்பா."

நான் அவளுக்கு இன்னொரு கோப்பை தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். பிறகு ஸ்பேனரை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, மூடியைக் கழற்றி வால்வைத் திறந்தேன். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. வின்னி கொஞ்ச நேரம் ரேடியேட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். உங்களுக்கு போன் செய்தது அவள்தான்.

நான் வினிஃப்ரெட்டைக் கொல்ல நினைத்து அந்த வால்வை மூடினேன். அதை மறுக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் டோரீன் விஷயத்தில் என் மேல் தப்பு இருப்பதாக எழுத வேண்டாம். என் நோட்டை எடுத்துப் பாருங்கள், மாடி அறை கடைசி வரை இருபத்தொரு டிகிரியில்தான் இருந்தது. அவள் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: நான் வைத்த இடத்தில் இருந்திருக்க வேண்டும்.